அடுப்படியில் ஒரு கோடை: வாழும் வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்டர்ன்ஷிப் செய்யப் போகிறவர்களுக்கு

பழைய காலத்து வீட்டையும் வேலையையும் ஆட்களை வைத்தே நடத்திக் காட்டும் ஓர் அருங்காட்சியகத்தில் மாணவியாக நான் வேலை பார்த்த முதல் கோடை அது. மூன்றாவது வாரம். சமையல்கட்டில் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அந்தக் காலத்துப் பெண்கள் பிரசவத்துக்கு அடுத்தபடியாக எதனால் அதிகம் இறந்தார்கள் தெரியுமா? பாவாடையில் தீப்பிடித்து." சொன்னதும் கூட்டம் ஒரு நொடி அடங்கும். என் நீளப் பாவாடையையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்கு வந்த ஒரு வயதான அம்மா முழுவதும் கேட்டார். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து, "இது எதில் எழுதியிருக்கும்மா? நானும் படிக்கணும்" என்றார். குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே படிக்க ஆசைப்பட்டார். என்னிடம் பதில் இல்லை. எனக்கு அதைச் சொன்னவர் போன வருஷத்து மாணவர். அவருக்குச் சொன்னவர் அதற்கு முந்தைய வருஷத்தவர். அன்று சாயங்காலமும் அடுத்த நான்கு சாயங்காலங்களும் நூலக அறையில் உட்கார்ந்து தேடினேன். அடுப்பால் தீக்காயமும் சாவும் நடந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பெண்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது தொற்றுநோய்கள். இரண்டாவது பெரிய காரணம் பாவாடைத் தீ என்பதற்கு ஓர் ஆதாரமும் அகப்படவில்லை. மூன்று வாரம், நாளுக்கு நூறு பேருக்குக் குறையாமல், பொய் சொல்லியிருக்கிறேன்.

இப்போது கோடை மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும் என் பொறுப்பு. பழைய உடுப்பு, பழைய வீடு, நல்ல புகைப்படங்கள் என்ற ஆசையோடு நிறையப் பேர் எழுதுகிறார்கள். அந்த ஆசையில் தவறில்லை, எனக்கும் இருந்தது. ஆனால் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் கிடைக்கக்கூடிய பெரிய சொத்து வேறு. ஒரே ஒரு கைவேலையை உருப்படியாகக் கற்றுக்கொண்டு, கை அதைச் செய்துகொண்டிருக்க, வாய் ஆதாரத்தோடு பேசப் பழகுவது. கீழே நான் எழுதியிருப்பது எல்லாம் அதற்கான ஏற்பாடு.

எந்த இடம், எந்த வருஷம்

கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துக் காட்டுவதற்குப் பதிலாக, வீட்டையும் பட்டறையையும் அப்படியே கொண்டுவந்து நிறுத்தி, அதில் ஆட்களை வேலை செய்யவைத்துக் காட்டும் வழக்கத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயதாகிறது. ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் ஆர்ட்டூர் ஹஸேலியஸ் 1891இல் திறந்த ஸ்கான்சென்தான் இந்த வகைத் திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்குத் தாய்வீடு. தொழிற்சாலைகள் பெருகிப் பழைய கிராமத்து வாழ்க்கை கண்முன்னே மறைந்துகொண்டிருந்த நேரம். வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டினார். அந்த யோசனை உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவில் கலோனியல் வில்லியம்ஸ்பர்க், இங்கிலாந்தில் பீமிஷ், ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் சாவரின் ஹில், ஜப்பானில் மெய்ஜி முரா, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா எல்லாம் அந்தக் குடும்பத்தின் கிளைகள் என்று சொல்லலாம்.

ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. விண்ணப்பிக்கும் முன் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடியுங்கள்.

முதலாவது, அந்த இடம் எந்த வருஷத்தைக் காட்டுகிறது. "பழைய காலம்" என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ் 1830களைக் காட்டுகிறது. சாவரின் ஹில்லில் 1850களின் தங்க வேட்டை. பீமிஷில் 1820கள், 1900கள், 1940கள், 1950கள் என்று ஒரே வளாகத்தில் பல காலங்கள். இந்தக் கணக்கு எதற்கு உதவும் என்றால், அடுப்பை எதால் பற்றவைப்பீர்கள் என்பதைக்கூட வருஷம்தான் தீர்மானிக்கிறது. உரசினால் பற்றும் தீக்குச்சியை ஜான் வாக்கர் என்ற ஆங்கிலேய மருந்துக்கடைக்காரர் 1826இல் கண்டுபிடித்து, அடுத்த வருஷம் விற்கத் தொடங்கினார். உங்கள் வீடு 1790ஐச் சேர்ந்தது என்றால் சிக்கிமுக்கிக் கல்தான். 1835 என்றால் தீக்குச்சி வந்துவிட்டது, ஆனால் எல்லார் வீட்டிலும் இருந்ததா என்று தேட வேண்டும். இந்த மாதிரிக் கேள்விக்கு மனசு துள்ளுகிறவர்களுக்கு இந்த வேலை நிச்சயம் பிடிக்கும்.

இரண்டாவது, அங்கே எப்படிப் பேசுகிறார்கள். சில இடங்களில் அந்தக் காலத்து ஆளாகவே நின்று பேசுவார்கள். "எங்கள் கப்பல் வந்து ஏழு வருஷம் ஆகிறது" என்பது போல. சில இடங்களில் உடுப்பு மட்டும் பழையது, பேச்சு இன்றைய ஆளின் பேச்சு. மாசசூசெட்ஸின் பிளிமத் பட்டக்செட்டில் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆங்கிலேயக் குடியேறிகளின் கிராமத்தில் இருப்பவர்கள் 17ஆம் நூற்றாண்டு ஆட்களாகவே பேசுவார்கள். சற்று தள்ளி இருக்கும் பூர்வகுடி மக்களின் குடியிருப்பில் பூர்வகுடியினரே நிற்கிறார்கள். அவர்கள் யாராகவும் நடிப்பதில்லை. தங்கள் முன்னோரைப் பற்றியும் இன்றைய தங்கள் மக்களைப் பற்றியும் தங்கள் குரலிலேயே பேசுகிறார்கள். அந்த வேறுபாட்டுக்குப் பின்னால் நீண்ட யோசனை இருக்கிறது.

முதல் கோடைக்கு, இன்றைய ஆளாகப் பேசும் இடமே நல்லது என்பது என் கருத்து. அங்கே "எனக்குத் தெரியாது, தேடிப் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லலாம். அந்தக் காலத்து ஆளின் கதாபாத்திரத்துக்குள் நின்றுவிட்டால் அது முடியாது. கற்றுக்கொள்ள வந்தவருக்கு அந்த வாக்கியம்தான் முக்கியமான கருவி.

எந்தப் பிரிவு

சேகரிப்பு, ஆவணக் காப்பகம், குழந்தைகள் முகாம், தையலறை, தோட்டம், கால்நடை, சமூக ஊடகம் என்று பல பிரிவுகளுக்கு மாணவர்களை எடுப்பார்கள். அலுவலக வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. மற்ற அருங்காட்சியகங்களில் செய்வதுதான். வாரத்துக்கு ஒரு நாளாவது வெளியே வந்து பார்வையாளர்களோடு நிற்க அனுமதி கேளுங்கள், அவ்வளவுதான். கால்நடைப் பிரிவு என்றால் உங்கள் நாள் மற்றவர்களுக்கு முன்பே தொடங்கும். பசுவுக்கு வார விடுமுறை தெரியாது.

வெளியே நிற்கப் போகிறீர்கள் என்றால் ஒரு தொழிலைக் கேட்டு வாங்குங்கள். நூற்பு, தறி, கொல்லர் உலை, தச்சு, கடைசல், குயவு, அடுப்படி, எதுவாகவும் இருக்கட்டும். எல்லா வீட்டுக்கும் சுற்றுமுறையில் அனுப்புகிறோம் என்று சொன்னால் முதல் இரண்டு வாரம் சுற்றுங்கள், பிறகு ஒன்றில் நிலைக்க விருப்பம் சொல்லுங்கள். பத்து வேலையை ஒவ்வொன்றிலும் கொஞ்சமாகத் தொட்டவர் பத்து நிமிஷம் பேசியதும் வற்றிவிடுகிறார். ஒன்றைப் பத்து வாரம் செய்தவரிடம் அந்தப் பொருளே பேச்சு கொடுக்கிறது.

விண்ணப்பம்

ஜூனில் கோடை தொடங்கும் நாடுகளில் டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் பெரும்பாலான இடங்கள் விண்ணப்பம் வாங்கி முடித்துவிடும். ஏப்ரலில் நினைவு வந்து எழுதுகிறவர்களில் நல்லவர்களைக்கூட நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தெற்குக் கோளத்தில் கோடை டிசம்பரில் வருகிறது என்பதால் கணக்கும் அதற்கேற்ப மாறும். இந்தத் துறைக்கென்றே 1970இல் தொடங்கிய ஆல்ஃபாம் என்ற சங்கம் இருக்கிறது. வட அமெரிக்காவில் வாழும் வரலாறு, பண்ணை, வேளாண் அருங்காட்சியகங்கள் பலவும் அதில் சேர்ந்திருக்கின்றன. வேலை, இன்டர்ன்ஷிப் அறிவிப்புகள் அங்கே வரும். ஐரோப்பாவில், பழங்கால வேலைமுறைகளை இன்று செய்து பார்த்துச் சோதிக்கும் தொல்லியலில் ஈடுபடும் திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கு எக்ஸார்க் என்ற அமைப்பு உண்டு.

மதிப்பெண் பட்டியலை நான் ஒரு தடவை பார்ப்பேன், அவ்வளவுதான். கடிதத்தைத்தான் இரண்டு முறை படிக்கிறேன். பத்தில் எட்டுக் கடிதங்கள் "சிறுவயது முதலே எனக்கு வரலாற்றில் ஆர்வம்" என்று தொடங்கும். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் எனக்கு அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. ஒரு மாணவி எழுதியதைச் சொல்கிறேன். முந்தைய இலையுதிர் காலத்தில் பார்வையாளராக வந்திருக்கிறார். எங்கள் கடைசல்காரர் காலால் மிதித்து, கட்டையைச் சுழலவிட்டு உளியால் செதுக்கும் கடைசல் கருவியைப் பார்த்திருக்கிறார். மேலே வளைந்து நிற்கும் கழியிலிருந்து கயிறு இறங்கி, கடைய வேண்டிய கட்டையைச் சுற்றி, மிதிபலகைக்குப் போகும். மிதித்தால் கட்டை உங்களை நோக்கிச் சுழலும், விட்டால் கழி நிமிர்ந்து எதிர்ப்பக்கம் சுழற்றும். அவர் எழுதியிருந்தார்: "திரும்பிச் சுழலும்போது உளியைப் பின்னுக்கு எடுத்துவிடுகிறார். அப்படியென்றால் பாதி நேரம் மரம் சும்மா சுற்றுகிறது. பிறகு ஏன் இதை இத்தனை நூற்றாண்டு விடாமல் வைத்திருந்தார்கள்?" அந்தக் கேள்வியோடு கடிதம் முடிந்துவிட்டது. அன்றைக்கே கூப்பிட்டேன். பதிலை அவர் அந்தக் கோடையில் தானே கண்டுபிடித்தார்: காட்டில் ஓர் இளமரமும் கொஞ்சம் கயிறும் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் அதை நிறுத்திவிடலாம். மரத்தைப் பட்டறைக்கு இழுத்துவர வேண்டியதில்லை.

ஆகவே முடிந்தால் ஒரு முறை போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் அவர்கள் வெளியிடும் காணொளிகளைப் பாருங்கள். ஒரு பொருள், ஒரு கேள்வி. அது போதும்.

நேர்முகத்தில் நான் தவறாமல் கேட்பது: "கையால் எதையாவது செய்திருப்பீர்கள் அல்லவா, அதில் எங்கே தப்பு வந்தது?" தைத்த சட்டை, பிரித்துப் போட்ட சைக்கிள், எதுவும் சரி. தப்பு வந்த இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர் பார்வையாளர் முன்னால் அறுந்த நூலோடு நின்றாலும் தடுமாற மாட்டார்.

நீங்களும் கேட்க வேண்டியவை உண்டு. வெட்கப்படாதீர்கள். ஊதியமா, உதவித்தொகையா, ஒன்றுமே இல்லையா? தங்கும் இடம் தருவார்களா? உடுப்பும் செருப்பும் அவர்கள் பொறுப்பா? பல்கலைக்கழகக் கிரெடிட் வேண்டுமென்றால் யார் கையெழுத்துப் போடுவார்? வாரத்தில் எத்தனை மணி நேரம் படிப்பதற்கும் தேடுவதற்கும் ஒதுக்குவார்கள்? கடைசிக் கேள்விக்கு "உங்கள் சொந்த நேரத்தில் படித்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் நான் யோசிப்பேன். ஊதியமே இல்லாமல் வாரம் முழுக்க நுழைவுச்சீட்டுக் கிழிக்கவைக்கும் இடத்துக்கு இன்டர்ன்ஷிப் என்ற பெயர் பொருந்தாது. கற்பிக்க ஓர் ஆள், கற்க ஒரு வேலை, இரண்டையும் பெயர் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். வேறு நாட்டில் செய்வதானால் விசா விதிகளை அந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தில் படித்துவிட்டுத்தான் விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும். சம்பளமில்லாத வேலைக்குக்கூட அனுமதி தேவைப்படும் நாடுகள் இருக்கின்றன.

உடுப்பு

எங்களிடம் அதை வேஷம் என்று யாரும் சொல்வதில்லை. உடுப்பு. நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள், நடையே மாறும்.

லினன், கம்பளி, பருத்தி என்று துணி எப்படி வேலை செய்கிறது என்பதை உடம்பில் தெரிந்துகொள்ள முதல் வாரம் போதும். அடிச்சட்டை லினனாக இருந்தால் வியர்வையை உறிஞ்சிச் சீக்கிரம் உலரும். அடுப்பண்டையில் கம்பளிப் பாவாடை நல்லது, பொறி பட்டால் கருகி நின்றுவிடும். பருத்தி சட்டென்று பற்றும். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உள்ளே யாருக்கும் தெரியாமல் போடும் லெக்கின்ஸ்கூட அடுப்புக்கும் உலைக்கும் ஆகாது. இது கண்டிப்பு.

தோல் செருப்பை வேலைக்கு முன்பே வாங்கி வீட்டில் நடந்து பழக்குங்கள். ஈரக் கல்லில் தோல் அடி வழுக்கும். கைக்கடிகாரம், நகப்பூச்சு, கண்ணாடிச் சட்டம் பற்றி இடத்துக்கு இடம் விதி வேறு, முன்கூட்டியே கேளுங்கள். கைப்பேசி பெட்டியில். தண்ணீர் மட்டும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். தலை சுற்றினாலோ வியர்ப்பது நின்றாலோ அந்த நொடியே நிழலுக்குப் போய் ஆளைக் கூப்பிடுங்கள். அப்போது கதாபாத்திரமும் பேச்சும் ஒரு பொருட்டே இல்லை.

ஒரு வேலையைக் கற்பது

என் மாணவர்கள் எல்லாரையும், எந்தத் தொழிலுக்குப் போனாலும், முதலில் தீ மூட்டப் பழக்குகிறேன். மற்றவற்றுக்கெல்லாம் அது சரியான ஒத்திகை.

வேண்டியவை நான்கு. கூரான விளிம்புள்ள சிக்கிமுக்கிக் கல், நன்றாகத் தோய்ச்சல் ஏற்றிக் கடினமாக்கிய எஃகுத் துண்டு, கருக்கிய துணி, உலர்ந்த சணல் கழிவு. கருக்கிய துணியை நீங்களே செய்ய வேண்டும். பழைய பருத்தி அல்லது லினன் துணியைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, மூடியில் ஊசித்துளை போட்ட தகரப் பெட்டியில் அடைத்து, தணலில் வையுங்கள். துளை வழியாகப் புகை வரும். புகை அடங்கியதும் எடுத்து, முழுசாக ஆறும் வரை திறக்காதீர்கள். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பதெல்லாம் சாம்பல். சரியாக வந்தால் துணி கன்னங்கரேலென்று, இழை தெரிய, தொட்டால் உதிரும் பக்குவத்தில் இருக்கும்.

கருக்கிய துணியைக் கல்லின் மேல், விளிம்புக்கு ஒரு மயிரிழை பின்னால் வைத்துக் கட்டைவிரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எஃகை மேலிருந்து கீழாக, கல்லின் விளிம்பை உரசிக்கொண்டு போகும்படி இறக்குங்கள். அடிக்கக் கூடாது, சீவ வேண்டும். கல் எஃகைச் சீவி எடுக்கிறது. அந்தச் சீவல்தான் காற்றில் எரிந்து பொறியாகப் பறக்கிறது. பெரும்பாலானவர்கள் பொறி கல்லிலிருந்து வருகிறது என்று நினைக்கிறார்கள். ஒரு பொறி துணியில் விழுந்து ஒட்டினால் குண்டூசித் தலை அளவுக்குச் செம்புள்ளி. அது விளிம்பு விளிம்பாகத் துணியைத் தின்றுகொண்டு விரியும். சுடரே இருக்காது. அதைக் குருவிக்கூடு போலக் குவித்த சணல் கழிவுக்குள் வைத்து மூடி, முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, கீழிருந்து நீளமாக, மெதுவாக ஊதுங்கள். வெள்ளைப் புகை தடிக்கும், மஞ்சளாகும், அப்புறம் பொக்கென்று பற்றும். உடனே அடுப்புக்குள் விட்டுவிடுங்கள்.

முதல் நாளில் விரல் முட்டி தோல் உரியும். மூன்றாம் நாளில் எப்போதாவது வரும். இரண்டாம் வாரம் முடிவதற்குள் ஒரு நிமிஷத்துக்குள் தீ வந்துவிடும், அதுவும் பேசிக்கொண்டே. பேச்சு எப்போது வருகிறது என்று கவனியுங்கள். கை கற்றுக்கொண்ட பிறகுதான். அதுவரை பார்வையாளர் முன்னால் "நானும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன், பாருங்கள்" என்று சொல்லிச் செய்யுங்கள். அவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

மூத்தவர்களிடம் கற்கும்போது கேள்வியைவிடக் கண்ணுக்கு முதலில் வேலை கொடுங்கள். எங்கள் கொல்லர் பட்டறை பகலிலும் இருட்டாக இருக்கும். புதிதாக வந்த பையன் ஒருவன் ஜன்னலைத் திறந்துவிட்டான். கொல்லர் ஒன்றும் திட்டவில்லை. "தம்பி, இப்ப இந்த இரும்பு என்ன நிறம், சொல்லு" என்றார். வெளிச்சத்தில் தெரியவில்லை. ஜன்னலை மூடினான். இரும்பு ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு ஏறிக்கொண்டிருந்தது. "இதுதான் எனக்கு தெர்மாமீட்டர்" என்றார். அந்தப் பையன் கோடை முழுக்க, "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அந்த ஜன்னலைத் திறந்து மூடிக் காட்டினான். அதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

பேசுவது

இரண்டு கேள்விகள் தினமும் வரும். ஒன்று, "அக்கா, இந்தத் தீ நிஜமா?" சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். அந்தக் குழந்தை எரியும் விறகைப் பக்கத்தில் நின்று பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கலாம். "கையை இங்கே நீட்டு, எங்கே சூடு ஆரம்பிக்குதுன்னு சொல்லு" என்று தூரத்தைக் காட்டுங்கள். சமைப்பவர்கள் அடுப்பின் சூட்டைக் கையை நீட்டி எண்ணித்தான் கணித்தார்கள் என்பதற்கு அங்கிருந்து ஓர் எட்டுதான்.

இன்னொன்று, "இந்தத் துணியில் வேர்க்கலையா?" கோடை முடிவதற்குள் ஆயிரம் முறை கேட்பீர்கள். "வேர்க்கிறது, இந்தக் கையைத் தொட்டுப் பாருங்கள்" என்று லினன் கைப்பகுதியை நீட்டுங்கள். அங்கிருந்து ஆளிச்செடியிலிருந்து லினன் நூல் எடுப்பது, ஒரு தறிக்கு நூல் கொடுக்க எத்தனை பேர் உட்கார்ந்து நூற்க வேண்டும், அந்தச் சட்டையை வருஷத்துக்கு எத்தனை முறை துவைத்தார்கள் என்று பேச்சு தானாக ஓடும். அவர்கள் கேட்ட கேள்வியிலிருந்துதான் ஓட வேண்டும். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே கண்கள் அலையும்.

இனி அந்தப் பாவாடைக் கதை. அதற்கு அண்ணன் தம்பிகள் பல. பழைய கட்டில்கள் குட்டையாக இருப்பது, அக்காலத்தவர் உட்கார்ந்தே தூங்கியதால் என்பார்கள். அளந்து பாருங்கள், பெரும்பாலும் இன்றைய நீளம்தான் இருக்கும். உயரமான தூண்களும் திரைகளும் தலையணைக் குவியலும் குட்டையாகக் காட்டுகின்றன. சுவர் அலமாரிகளுக்கு அறை என்று வரி போட்டார்கள், அதனால்தான் வீடுகளில் அவை இல்லை என்பார்கள். அமெரிக்கக் குடியேற்ற வீடுகளைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் இதற்கும் ஆதாரம் கிடையாது. கேட்கச் சுவையாக, உடனே நினைவில் நிற்கும்படி, யார் சொன்னது என்று தெரியாதபடி ஒரு கதை வந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். என் மாணவர்களுக்கு ஒரே விதி: சொல்வதற்கு முன் "இது எதில் எழுதியிருக்கும்மா?" என்ற கேள்வியை உங்களிடம் நீங்களே கேளுங்கள். ஒருவர் இறந்தபின் அவர் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எழுதி விலை போட்ட பட்டியல்கள், கடைக் கணக்குப் புத்தகங்கள், நாட்குறிப்புகள், அக்காலச் செய்தித்தாள் விளம்பரங்கள், இவற்றில் ஏதாவது ஒன்றைக் காட்ட முடிய வேண்டும். சொத்துப் பட்டியல் ஒன்றை முழுதாகப் படித்துப் பாருங்கள். உடைந்த கெண்டி, ஒற்றை முள்கரண்டி, பழைய போர்வை என்று ஒரு வீடே எழுந்து வரும்.

கசப்பானதைப் பேசுவது

அழகான வீட்டைக் காட்டிவிட்டு அதைத் துடைத்தவர் யார் என்று சொல்லாமல் விடுவது எளிது. கலோனியல் வில்லியம்ஸ்பர்க் காட்டும் 18ஆம் நூற்றாண்டு நகரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பின மக்கள், பெரும்பாலோர் அடிமைகள். ஆனாலும் அவர்கள் வாழ்க்கையை அங்கே முறையாகக் காட்டத் தொடங்கியது 1979இல்தான். 1994 அக்டோபரில் அடிமை ஏலம் ஒன்றை நடித்துக் காட்டினார்கள். அதை நடத்தியவர் அங்கே ஆப்பிரிக்க அமெரிக்கப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கிறிஸ்டி கோல்மன். ஏலத்தில் நின்ற ஒரு பெண்ணாகவும் அவரே நடித்தார். வேதனையைக் காட்சிப்பொருளாக்குகிறீர்கள் என்று கடும் எதிர்ப்பு வந்தது. பார்த்த பிறகு மனம் மாறியவர்களும் உண்டு. இன்றும் எங்கள் துறையில் அதைப் பற்றிப் பேசாமல் ஒரு பயிற்சியும் முடிவதில்லை.

மாணவராகப் போகும் உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவு. உங்கள் வீட்டில் யார் யார் வேலை செய்தார்கள், அவர்களில் யாருக்குக் கூலி, யாருக்கு இல்லை என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்த பெயர்களைப் பெயராகச் சொல்லுங்கள். "வேலைக்காரர்கள்" என்று மொத்தமாகத் தள்ளாதீர்கள். பார்வையாளரை, அதிலும் குழந்தைகளை, அடிமையாகவோ எஜமானராகவோ நடிக்கச் சொல்லாதீர்கள். மனம் ஒப்பாத பாத்திரத்தை உங்களிடம் கொடுத்தால் மறுக்கலாம். ஒரு நல்ல மேற்பார்வையாளர் காரணம்கூடக் கேட்க மாட்டார். யாராவது வந்து "அவர்களுக்கு என்ன குறை, சோறு கிடைத்ததே" என்று வாதிட்டால், கணக்குப் புத்தகத்தில் இருப்பதை அமைதியாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் மூத்தவரைக் கூப்பிடுங்கள். தனியாகச் சமாளிக்க வேண்டியது உங்கள் கடமை இல்லை.

நோட்டு

தினமும் உடுப்பு மாற்றும் முன், பத்து நிமிஷம், ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள். இன்று கை எதைப் புதிதாகச் செய்தது. யார் என்ன கேட்டார். எதற்குப் பதில் தெரியவில்லை. மூன்றாவது பட்டியலிலிருந்து வாரத்துக்கு ஒன்றை எடுத்துத் தேடுங்கள். கோடை முடிவில் சமர்ப்பிக்க வேண்டிய அறிக்கையோ கல்லூரிக் கட்டுரையோ அதிலிருந்தே வந்துவிடும். பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில், உங்களைப் பழக்கியவர் உங்களை நேரில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள். செப்டம்பரில் மின்னஞ்சல் அனுப்பினால் அவருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும், நீங்கள் நூற்ற நூல் நினைவிருக்காது.

நீங்கள் செய்த பொருள் ஒன்றை, முதல் வாரத்துக் கோணல் நூலாக இருந்தாலும், தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் பதில் கிடைக்காமல் நின்ற கேள்விகளை ஒரு தாளில் நகல் எடுத்து நூலக அறையில் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் அலமாரியில் அப்படி ஓர் அட்டைப் பெட்டி இருக்கிறது. அடுத்த ஜூனில் வருகிற மாணவருக்கு முதல் நாள் அதைத்தான் கையில் கொடுப்பேன்.